பாய் முந்தியதா, அடுப்பு முந்தியதா?

நாள் முழுவதும் மலை ஏறியவருக்கு மாலையில் வேண்டுவது இரண்டு: படுக்க இடம், சூடான சாப்பாடு. சுவிட்சர்லாந்தின் மலைக்குடிலும் நேபாளத்து அன்னபூர்ணா வட்டாரத்தின் தேநீர் விடுதியும் இவ்விரண்டையும் தருகின்றன. எதை முதலில் தந்தன என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

சுவிஸ் குடில் பாயில் தொடங்கியது. 1863இல் உருவான சுவிஸ் ஆல்பைன் கிளப், அதே ஆண்டில் தோடி மலைப் பகுதியில் க்ரூன்ஹார்ன் குடிலைக் கட்டியது. சிகரம் ஏறுவோர் இரவில் ஒதுங்க நான்கு சுவரும் ஒரு கூரையும் போதும் என்பதே அன்றைய நோக்கம். சமைத்துப் பரிமாறும் காப்பாளர் பின்னால் வந்தவர்.

நேபாள விடுதியோ அடுப்பில் தொடங்கியது. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் திபெத்து உப்பும் தாழ்நிலத்துத் தானியமும் கைமாறிய காலத்தில், அப்பகுதியின் தகாலி இனப் பெண்கள் வழிநெடுக உணவுக்கடை நடத்தினர். உண்டவர் அங்கேயே படுத்துக்கொண்டார். உப்பு வணிகம் தளர்ந்து வெளிநாட்டு மலைநடையர் வரத் தொடங்கியபோது, அந்த அடுப்படியை ஒட்டி அறைகள் எழுந்தன.

பிறப்பில் இருந்த வேறுபாடு இன்றும் ரசீதில் தெரிகிறது. சுவிஸ் குடிலில் படுக்கைக்கே தனி விலை. கிளப் உறுப்பினருக்குச் சலுகை உண்டு. நேபாளத்தில் அறை வாடகை சொற்பம். ஆனால் தங்கும் இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். முன்னதில் குறித்த நேரத்தில் எல்லாருக்கும் ஒரே சமையல். பின்னதில் நீண்ட உணவுப் பட்டியல். ஆனாலும் பசித்தவர் நாடுவது, கேட்கக் கேட்க மறுசோறு விழும் பருப்புச் சாதத்தைத்தான்.

உயரம் கூடினால் விலையும் கூடுவது இரண்டுக்கும் பொது. ஆல்ப்ஸில் பல குடில்களுக்குச் சரக்கை ஹெலிகாப்டர் இறக்குகிறது. அன்னபூர்ணாவில் கோவேறு கழுதையும், நெற்றிப் பட்டையில் கூடையைத் தாங்கிய சுமைக்காரரும் ஏற்றுகிறார்கள்.

இரண்டுக்கும் எதிர்பாராத ஓர் ஒற்றுமை கணக்கு வைப்பதில் இருக்கிறது. குளிர்காலத்தில் காப்பாளர் கீழிறங்கிவிட்ட பின்னும் பல சுவிஸ் குடில்களில் ஓர் அறை திறந்தே கிடக்கும். வருபவர் தாமே விறகு மூட்டி, பனியை உருக்கிச் சமைத்து, கட்டணத்தை உண்டியலில் போட்டுச் செல்கிறார். நேபாள விடுதியில் அறை எண் போட்ட நோட்டு ஒன்று மேசையில் கிடக்கும். குடித்த தேநீரையும் உண்ட சோற்றையும் பல இடங்களில் விருந்தினரே அதில் எழுதுகிறார். காலையில் கணக்குத் தீர்க்கிறார். அடுத்த கூரைக்குச் சில மணி நேரம் நடக்க வேண்டிய பாதையில், நம்பிக்கை என்பது நற்குணம் மட்டுமன்று, அதுவே நிர்வாக முறை.

இடம் நிரம்பிவிட்ட இரவில் இரு நாட்டிலும் உணவுக்கூடமே படுக்கையறை ஆகிறது. மேசையைத் துடைத்து ஒதுக்கி, பெஞ்சில் போர்வை விரிக்கிறார்கள். கணப்பைச் சுற்றி ஈரக் காலுறைகள் காய்கின்றன. எதிரெதிர் முனையில் கிளம்பிய பாயும் அடுப்பும் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன.