பென்னாகரத்துக் காட்டில் ஒரு .405: துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஊர்ப் பக்கம் எல்லாம் வேட்டையாடினாரே கென்னத் ஆண்டர்சன், அவர் ஏன் போயும் போயும் அந்த .405 வின்செஸ்டரை வச்சிருந்தார்? முந்நூறு கஜத்துல அது ஒண்ணுத்துக்கும் ஆகாதே?"

அப்போதைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. ஒரு துப்பாக்கி "நல்ல துப்பாக்கி" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? யார் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள்? அதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் ஆண்டர்சனைத் தெரியாதவர்களுக்காக. 1910-ல் பிறந்து 1974-ல் இறந்தவர். பெங்களூர்வாசி. சுற்றியிருந்த காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்ட அனுபவங்களைக் கதைகளாக எழுதினார். முதல் புத்தகம் 1954-ல் வந்தது. அந்தக் கதைகளில் வரும் பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு எல்லாம் இன்றைய தருமபுரி மாவட்டம். ஜவளகிரியும் சிவனிப்பள்ளியும் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். அவர் சுற்றிய காலத்தில் இவை எல்லாமே சேலம் மாவட்டம்தான். தருமபுரி தனியாகப் பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-ல். சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா என்ற பழங்குடி நண்பரைப் பற்றி ஆண்டர்சன் தனிக் கதையே எழுதியிருக்கிறார்.

அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல். ஜான் பிரவுனிங் வடிவமைத்த அமெரிக்கத் துப்பாக்கி. விசைக்குப் பின்னால் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். இதற்கான .405 தோட்டா 1904-ல் வந்தது. 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது எடுத்துப்போனதும் இதைத்தான்.

நண்பர் சொன்னது தப்பில்லை. .405-ன் குண்டு 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம். மழுங்கின மூக்கு. குழலை விட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு 2,200 அடி. கனமான, மொட்டையான குண்டு காற்றில் சீக்கிரம் வேகத்தை இழக்கும். 100 கஜத்தில் குறி சரியாக இருக்கும்படி அமைத்துவைத்தால், 200 கஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே விழும். 300 கஜத்தில் முக்கால் மீட்டர் கீழே. தொலைதூரப் போட்டிக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் பக்கத்தில் படுத்திருப்பவர் பரிதாபமாகத்தான் பார்ப்பார்.

சரி, தொலைதூரத்துக்கு எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நான் முதலில் பாடம் கேட்டது கல்லூரி என்.சி.சி.யில்.

.22 ரைஃபிள், 25 மீட்டர், ஆளுக்கு ஐந்து தோட்டா. எங்களுக்கெல்லாம் நடுப்புள்ளியில் அடிக்க வேண்டும் என்ற வெறி. உஸ்தாத் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து ஐந்து ஓட்டைகளையும் சுற்றி விரலால் வட்டம் போட்டுப் பார்ப்பார். "நடுவுல விழுந்துச்சா ஓரத்துல விழுந்துச்சாங்கிறது அப்புறம். அஞ்சும் ஒண்ணா விழுந்துச்சா, அதைச் சொல்லு." இதற்குப் பெயர் குரூப்பிங். ஐந்தும் ஓரத்திலேயே, ஆனால் நெருக்கமாக விழுந்திருந்தால் பிரச்சினையே இல்லை. குறிக்காட்டியை நாலு திருகு திருகினால் மொத்தமாக நடுவுக்கு வந்துவிடும். அதுதான் 'ஜீரோ' செய்வது. ஒன்று நடுவில், ஒன்று மேலே, ஒன்று மூலையில் என்று சிதறினால் எந்தத் திருகும் காப்பாற்றாது. ஒன்று துப்பாக்கியில் கோளாறு, இல்லை தோட்டாவில், இல்லை நம்மிடம்.

நாலு ஓட்டை நெருக்கமாக விழுந்து ஐந்தாவது விலகிப் போயிருக்கும். உடனே நாங்கள், "அது கை ஆடிடுச்சு உஸ்தாத், அதைக் கணக்குல எடுக்காதீங்க" என்போம். "அதையும் நீதானே சுட்டே?" என்று அதையும் சேர்த்தே வட்டம் போடுவார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், சோதனை என்றால் என்ன என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு மூன்று குண்டு ஒட்டி விழுந்த அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, துப்பாக்கி பிரமாதம் என்பவர்கள் நிறைய. மூன்று குண்டு தற்செயலாகவும் ஒட்டி விழும். பத்து சுட்டால் வட்டம் பெரிசாகும். அந்தப் பெரிய வட்டம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். துல்லியத்தைக் கோணத்தில் அளப்பார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு 'மினிட்'. அது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். சர்வதேச 300 மீட்டர் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். ஆக, ஒரு மினிட் துல்லியமுள்ள துப்பாக்கி, சுடுபவர் தவறே செய்யாவிட்டாலும் அந்த வட்டத்தை ஏறக்குறைய முழுசாகத் தின்றுவிடும். காற்றுக்கும் கை நடுக்கத்துக்கும் மிச்சம் வைக்காது. அதனால்தான் போட்டியாளர்கள் அரை மினிட்டுக்கும் கீழே போகத் தவிக்கிறார்கள். 50 மீட்டர் .22 போட்டிக்காரர்கள் துப்பாக்கிக் குழலைத் தாங்கியில் இறுக்கிப் பொருத்தி, ஒரே கம்பெனித் தோட்டாவிலேயே எந்தத் தயாரிப்புத் தொகுதி தங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள்.

மனிதக் கையை விலக்கிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் சோதிக்கும் இந்தத் தாங்கி புதுசு இல்லை. 1860-ல் லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டனில் முதல் தேசிய ரைஃபிள் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்தார். தாங்கியில் பொருத்தப்பட்ட துப்பாக்கியின் விசையில் கட்டிய கயிற்றை இழுத்தார், அவ்வளவுதான். 400 கஜத்தில் இருந்த இலக்கில், நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு விழுந்தது. அது ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் செய்த ரைஃபிள்.

விட்வொர்த்தின் கதை இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் துப்பாக்கி 1853 மாடல் என்ஃபீல்ட். ஆம், தோட்டாவில் தடவிய கொழுப்பால் 1857-ல் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களே, அதே என்ஃபீல்ட். அதே 1857-ல் இங்கிலாந்தில் ஹைத் என்ற இடத்தில் இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சோதித்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி. விட்வொர்த்தின் விலகல் 0.37 அடி, அதாவது பதினோரு சென்டிமீட்டர்தான். ரகசியம் குழலுக்குள்ளே. என்ஃபீல்டின் உள்வரிகள் ஒரு முழுச் சுற்று சுற்ற 78 அங்குலம் எடுத்துக்கொண்டன. விட்வொர்த் அறுகோணக் குழல் செய்து, 20 அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றவைத்தார். குண்டும் அறுகோணம். பம்பரம் வேகமாகச் சுற்றினால் சாயாமல் நிற்கிறதே, அதே விஷயம்தான்.

இவ்வளவு பிரமாதமான துப்பாக்கியை ராணுவம் வாங்கியதா? இல்லை. விலை பல மடங்கு. குறுகலான குழலில் கருமருந்துக் கரி சீக்கிரம் அடைத்துக்கொண்டது. சோதனை மைதானத்தில் ஒருவர் நிதானமாகத் துடைத்துத் துடைத்துச் சுடலாம். போர்க்களத்தில் சிப்பாய்க்கு அது நடக்காது. எண்களில் ஜெயித்த துப்பாக்கி வேலையில் தோற்றுப்போனது.

இப்போது .405-க்குத் திரும்பலாம். பென்னாகரத்துப் பக்கம் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், 300 கஜம் தூரம் பார்வை போகும் இடமே அபூர்வம். மூங்கில் புதர், உண்ணிச்செடி, பாறை இடுக்கு, வளைந்து வளைந்து போகும் ஓடை. ஆண்டர்சன் கதைகளில் கடைசி நொடி பெரும்பாலும் சில பத்துக் கஜங்களுக்குள் நடக்கிறது. பல நேரம் இருட்டில், துப்பாக்கியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில். அங்கே குண்டு 200 கஜத்தில் ஒரு சாண் இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன? அங்கே வேண்டியது மூன்று. முதல் குண்டிலேயே ஆளை நோக்கிப் பாயும் விலங்கை நிறுத்தும் கனம். கண்ணை எடுக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றும் வேகம். விசையைத் தொட்டால் வெடிக்கும் என்ற நம்பிக்கை. இந்தத் தேர்வில் .405 நல்ல மார்க்கில் பாஸ்.

வாங்குபவர் முன்னால் என்ன இருந்தது என்பதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் கலகக்காரர்கள் கையில் இருந்தன, அவற்றுக்குத் தோட்டா கிடைத்துவிடக் கூடாது என்ற பயம். லண்டன் கம்பெனிகள் உடனே .465, .470 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தன. யானை வேட்டைக்குப் பேர்போன .470 பிறந்தது காட்டின் தேவையால் மட்டும் இல்லை, நம்மைப் பார்த்துப் பயந்த ஒரு அரசாணையாலும்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தவர்களின் கதை. அதே காட்டில் இன்னொரு துப்பாக்கியும் இருந்தது. நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, அடைத்து, ஈயக் குண்டையோ இரும்புத் துண்டுகளையோ தள்ளி இடிப்பது. உள்ளே வரிகள் கிடையாது. சுழலாத குண்டு எந்தப் பக்கம் போகும் என்பது கொஞ்ச தூரத்துக்கு மேல் குண்டுக்கே தெரியாது.

பென்னாகரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சின்ன வயசில் வீட்டுக்கு வீடு இருந்ததாம். காட்டுப்பன்றிக்குக் காவல். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "வாங்கினதும் சுட்டுப் பார்ப்பீங்களா, எங்கே விழுதுன்னு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மருந்து என்ன மண்ணா தம்பி, சும்மா மரத்துல சுட்டுப் பாக்கிறதுக்கு? பன்னி வந்தா சுடறதுதான். பட்டா பட்டுச்சு, படாட்டி போச்சு."

குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ராத்திரியில் கேழ்வரகுக் கொல்லை முழுசும் போவதைப் பார்த்தவர் அவர். ஆனால் "படாட்டி போச்சு" என்பது முழு உண்மை இல்லை. படாமல் போவதைவிட மோசமானது, பாதி படுவது.

1907-ல் ஜிம் கார்பெட் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். நானூற்றுச் சொச்சம் பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. வாயைத் திறந்து பார்த்தால் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன, மேலே பாதி, கீழே எலும்பு வரைக்கும். பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது என்பது கார்பெட்டின் முடிவு. ஆண்டர்சனும் திரும்பத் திரும்ப இதையே எழுதினார்: அக்கறையில்லாத வேட்டைக்காரர்கள் காயப்படுத்திவிட்டுப் போகிற விலங்குகள் பிறகு ஊரைப் பிடித்துக்கொள்கின்றன. யாரோ ஒருவர் சுட்டு, "போச்சு" என்று வீட்டுக்குப் போன குண்டுக்கு, எங்கோ விறகு பொறுக்கப் போன பெண்கள் விலை கொடுத்தார்கள்.

உஸ்தாத் ஐந்தாவது ஓட்டையை விடாமல் வட்டத்துக்குள் சேர்த்தது எனக்கு இந்த இடத்தில்தான் முழுசாக விளங்கியது. அட்டையில் அது ஒரு மதிப்பெண் குறைவு, அவ்வளவுதான். காட்டில் அந்தக் குண்டு ஒரு உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தன் துப்பாக்கி எவ்வளவு சிதறும் என்று தெரியாதவருக்கு, எந்த தூரத்துக்கு மேல் சுடக் கூடாது என்பதும் தெரியாது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆண்டர்சன் நடந்த காடுகளைச் சேர்த்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி எங்கள் பக்கத்து மலைக் கிராமங்களில் இன்றும் அவ்வப்போது தண்டோரா போடுகிறார்கள். துல்லியத்தைத் தேடுகிறவர்களுக்கு இப்போது காகித அட்டை இருக்கிறது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்த அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே தவறினால் யாருக்கும் காயமில்லை.

நண்பருக்கு என் பதில் இதுதான். .405 முந்நூறு கஜத்தில் ஆகாது, உண்மை. ஆனால் பென்னாகரத்தில் யாரும் அதை முந்நூறு கஜத்தில் கேட்கவில்லை. நீங்கள் துப்பாக்கி வாங்குவதாக இருந்தால், முதலில் எத்தனை மீட்டரில் என்ன அட்டை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பத்துத் தோட்டா சுட்டு, பத்தையும் சேர்த்து வட்டம் போடுங்கள். கை ஆடினதையும் சேர்த்துத்தான்.