ஏரா (பாய்மரப் படகு)

ஏரா என்பது கப்பல் அல்லது படகின் அடிப்பகுதியில், முன்னணியத்திலிருந்து பின்னணியம் நோக்கி நீளவாக்கில் அமைந்துள்ள முதன்மை உறுப்பு ஆகும். பாய்மரப் படகுகளில் இது நீருக்குள் நீண்டு, படகின் நிலைத்தன்மையையும் திசையையும் காக்கின்றது. ஏறத்தாழ 8 முதல் 12 மீட்டர் நீளமுள்ள சிறிய பயணப் படகைத் தெரிவு செய்வோர் முதலில் கருத்திற்கொள்ள வேண்டியவற்றுள் ஏராவின் வகை முக்கியமானது. பாயையும் இயந்திரத்தையும் பின்னர் மாற்றலாம். ஏராவை மாற்றுவது பெரும்பாலும் இயலாது. எந்த நீரில் படகு செல்லப்போகின்றது என்பதே இத்தெரிவைத் தீர்மானிக்கின்றது.

பணிகள்

ஏராவின் பணிகள் இரண்டு. முதலாவது, பக்கவாட்டு நகர்வைத் தடுத்தல். பக்கத்திலிருந்து வீசும் காற்று படகை முன்னே செலுத்துவதுடன் பக்கவாட்டிலும் தள்ளுகின்றது. நீருக்குள் இருக்கும் ஏரா இதனை எதிர்ப்பதனாலேயே படகு காற்று வரும் திசையை நோக்கிச் சாய்வாக முன்னேற முடிகின்றது. இரண்டாவது, அடிபாரமாக இருத்தல். ஏராவில் உள்ள ஈயம் அல்லது வார்ப்பிரும்பு, சாய்ந்த படகை மீண்டும் நிமிர்த்துகின்றது. பயணப் படகுகள் பலவற்றில் மொத்த எடையின் 30 முதல் 40 விழுக்காடு வரை அடிபாரமாக அமைகின்றது.

வகைகள்

* நீள் ஏரா: படகின் நீளத்தில் பெரும்பகுதிக்கு அமைந்தது. சுக்கான் இதன் பின்விளிம்பில் பொருத்தப்படுவதால் மிதக்கும் கட்டைகள், வலைகள் ஆகியவற்றிலிருந்து பாதுகாக்கப்படுகின்றது. படகு நேர்த்திசையை நன்கு பிடிக்கும். எனினும் நீருடன் உராயும் பரப்பு மிகுதியாதலால் வேகம் குறைவு. குறுகிய இடத்தில் திருப்புவதும் பின்னோக்கிச் செலுத்துவதும் கடினம்.
* துடுப்பு ஏரா: மீனின் துடுப்பைப் போன்று குறுகியது, ஆழமானது. வேகமும் காற்றை எதிர்த்துச் செல்லும் திறனும் மிகுதி. 9 மீட்டர் படகொன்றிற்கு ஏறத்தாழ 1.5 முதல் 1.8 மீட்டர் வரை நீராழம் தேவைப்படும். பெரும்பாலும் மரையாணிகளால் பிணைக்கப்படுவதால் அவ்விணைப்பே இதன் நலிவான இடம்.
* இரட்டை ஏரா: இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு குட்டையான ஏராக்கள். நீர் வற்றும்போது படகு சாயாமல் தரையில் நிற்கும். காற்றை எதிர்த்துச் செல்லும் திறன் சற்றுக் குறைவு.
* உயர்த்தும் ஏரா: தேவைக்கேற்ப மேலே இழுத்துக்கொள்ளத்தக்கது. ஒரு மீட்டருக்கும் குறைவான நீரில் மிதக்க இயலும். கூழாங்கல், கடற்சிப்பி ஆகியன சிக்கி இயங்காமற்போவது உண்டு; தொடர்ந்த பராமரிப்புத் தேவை.

நெடும்பயணங்களில் ஏரா

முதன்முதலாகத் தனியொருவர் எங்கும் நிற்காது உலகைச் சுற்றிவந்த படகு, மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1964 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 32 அடி நீளமுள்ள சுகாய்லி ஆகும். நீள் ஏரா கொண்ட இப்படகில் இராபின் நாக்சு-சான்சுடன் 1968 சூன் 14 இல் இங்கிலாந்தின் பால்மவுத்திலிருந்து புறப்பட்டு 312 நாட்களின் பின் அங்கேயே திரும்பினார். வழியில் ஏராவை ஒட்டிய பலகை இணைப்பு கசியத் தொடங்கவே, அவர் நடுக்கடலில் நீருக்குள் இறங்கிப் பருத்தித் திரியால் கலப்பற்று அடைத்தார்.

அப்பயணத்தின் நினைவாக 2018 இல் மீண்டும் தொடங்கப்பட்ட கோல்டன் குளோப் போட்டியில், சுக்கான் பொருத்தப்பட்ட நீள் ஏராப் படகுகளுக்கே இடமளிக்கப்படுகின்றது. சுகாய்லியின் மாதிரியில் கோவாவில் கட்டப்பட்ட துரியாவில் சென்ற இந்தியக் கடற்படை அலுவலர் அபிலாஷ் டோமி, 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். படகு முழுவதும் புரண்டு எழுந்தது, பாய்மரங்கள் முறிந்தன, அவரது முதுகெலும்பு காயமுற்றது. அடிபாரம் படகை நிமிர்த்தும். பாய்மரத்தையும் ஆளையும் காக்கும் எனக் கொள்ளுதல் கூடாது. அவர் 2022 இல் தொடங்கிய அடுத்த போட்டியில் பயனாத் என்ற நீள் ஏராப் படகில் சென்று இரண்டாமிடம் பெற்றார்.

இணைப்பின் நலிவுக்கு எடுத்துக்காட்டு 2014 மே மாதம் அத்திலாந்திக்கில் காணாமற்போன சீக்கி இரபிக்கி என்னும் படகு. துடுப்பு ஏரா கழன்றதால் படகு கவிழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். அப்படகு முன்னர் தரைதட்டிப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது.

தமிழகக் கடலோரம்

கட்டுமரத்திற்கும் சென்னைக் கரையின் மசூலாப் படகிற்கும் ஏரா இல்லை. அலையடிக்கும் மணற்கரையில் ஏற்றி இறக்க ஏரா தடையாகும் என்பதே காரணம். பாய் விரிக்கும் பெரிய கட்டுமரங்களில் பக்கவாட்டில் பலகை இறக்கி ஏராவின் பணியைச் செய்துகொள்வர்.

பாக்கு நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது, மணல்திட்டுகள் நிறைந்தது. இங்கு உலவும் படகிற்கு உயர்த்தும் ஏராவோ குட்டையான நீள் ஏராவோ பொருந்தும். இரட்டை ஏராவின் சிறப்பு, வற்றுப்பெருக்கு மிகுந்த துறைகளிலேயே முழுமையாக வெளிப்படும். சென்னையில் வற்றுக்கும் பெருக்கிற்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரே ஆதலால், இங்கு அதன் பயன் குறைவு. சென்னை, தூத்துக்குடி போன்ற ஆழமான துறைமுகங்களிடையே மட்டும் செல்வதாயின் துடுப்பு ஏரா ஏற்றது.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

* படகைக் கரையேற்றி, ஏரா உடலுடன் சேரும் கோட்டில் வெடிப்பு உள்ளதா எனப் பார்த்தல்.
* மரையாணிகளைச் சுற்றித் துருக்கசிவு உள்ளதா எனப் பார்த்தல். துருப்பிடிக்கா எஃகும் காற்றுப்படாத ஈரத்தில் அரிக்கப்படும்.
* முன்னர் தரைதட்டியதா என விசாரித்தல்.
* உயர்த்தும் ஏராவாயின், அதனை முழுமையாக ஏற்றி இறக்கிப் பார்த்தல்.

இவற்றையும் பார்க்க

* கட்டுமரம்
* பாக்கு நீரிணை
* சுக்கான்