ஐந்து கோடி ரூபாக் கேள்வி

சண்டிலிப்பாயிலும் அயலூர்களிலும் சனசமூக நிலையங்கள் ஆண்டுவிழாவையொட்டிப் பொது அறிவுப் போட்டி நடத்துவதுண்டு. வென்ற பிள்ளைக்கு ஒரு புத்தகமோ சில கொப்பிகளோ பரிசு. தோற்ற பிள்ளை எதையும் இழப்பதில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறது. தொலைக்காட்சியின் வினாவிடைப் போட்டியோ வேறு வகையானது. அங்கே விடையோடு பணயமும் வைக்கவேண்டும். அறிவின் அரங்கிலே சூதின் விதி எவ்வாறு புகுந்தது? அதனால் ஆதாயம் யாருக்கு? வரலாற்றைக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

1955இல் அமெரிக்காவில் 64,000 டொலர் பரிசுடன் ஒரு போட்டி தொடங்கிற்று. அதற்குப் பணம் கொடுத்தது அழகுப்பொருள் விற்கும் ஒரு கம்பனி. அடுத்த ஆண்டு தொடங்கிய மற்றொரு போட்டியில் நாடறிந்த வெற்றியாளரானார் சார்ல்ஸ் வான் டோரன் என்ற பல்கலைக்கழக ஆசிரியர். கேள்விகளும் விடைகளும் தமக்கு முன்னரே தரப்பட்டன என்று 1959இல் அவர் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பார்வையாளர் கண்டது அறிவின் போராட்டமன்று. விளம்பரதாரருக்காக ஆடப்பட்ட நாடகம்.

மோசடி வெளிப்பட்டது, வாணிகம் ஓயவில்லை. 1998இல் பிரித்தானியாவில் புதிய வடிவிலே தோன்றிய போட்டி, 2000ஆம் ஆண்டில் ‘கோன் பனேகா குரோர்பதி’ என்ற பெயருடன் இந்தியாவுக்கு வந்தது. 2011இல் அதன் நாற்காலியில் அமர்ந்தார் சுசீல் குமார். பீகாரின் மோதிகாரியைச் சேர்ந்த அவ்விளைஞர், கிராம வேலை உறுதித் திட்டத்தில் கணினி இயக்குநராயிருந்தவர். மாதச் சம்பளம் ஏறத்தாழ 6,000 இந்திய ரூபா.

படிப்படியாக ஏறி ஒரு கோடி ரூபாவை வென்றார் அவர். அச்சம்பளத்திற் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 139 ஆண்டு உழைப்பின் ஊதியம்! அதை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். போட்டியின் கவர்ச்சியோ அவர் எழாதிருப்பதிலேதான் இருந்தது. இறுதிக் கேள்விக்குச் சரியாக விடை சொன்னால் ஐந்து கோடி. பிழைத்தால் வென்றதிற் பெரும்பகுதியை இழந்து கீழ்ப்படிக்குச் சரியவேண்டும். செல்வனுக்கு இது விளையாட்டு. மாதக் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கோ வாழ்வா வீழ்வா என்ற நிலை. அந்தப் பதைப்பைத்தான் கோடிக்கணக்கானோர் கண்டு களித்தனர். அந்தப் பதைப்பைத்தான் விளம்பர நேரமாக்கி விற்றனர்.

1868 ஒக்டோபர் 16இல் நிக்கோபார்த் தீவுகளின் உரிமையைப் பிரித்தானியருக்கு விற்று இந்தியாவிலிருந்து ஒதுங்கிய குடியேற்ற வல்லரசு எது? இதுதான் இறுதிக் கேள்வி. துணிந்து டென்மார்க் என்றார் சுசீல் குமார். வென்றார்.

கைதட்டல் ஓய்ந்தது, கேள்வியின் பொருளும் அதனோடு மறைந்தது. நாம் அதைச் சற்று விரித்துப் பார்ப்போம். 1620இல் டேனியக் கப்பல்கள் கண்டி அரசன் செனரத்துடன் வணிகஞ் செய்யும் நோக்கோடு இலங்கைக்கு வந்தன. இங்கே காலூன்ற இயலாமற் போகவே, அவ்வாண்டிலேயே தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் நிலைகொண்டனர். 1845இல் அதனை ஆங்கிலேயக் கம்பனிக்கு விற்றனர். பின்னர் நிக்கோபாரையும் விற்றனர். மண்ணை மட்டுமா விற்றார்கள்? மண்ணோடு மக்களும் கைமாறினார்கள். 1802இல் பிரான்சின் அமியென் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையிலே, ஒல்லாந்தரிடமிருந்த யாழ்ப்பாணமும் ஏனைய கரையோரமும் பிரித்தானியருக்கு உரித்தாயின. நம் முன்னோரின் சம்மதத்தைக் கேட்டவர் யார்?

சுசீல் குமாரின் சம்பாரண் மண்ணும் இவ்வரலாற்றை அறிந்ததே. ஐரோப்பியத் தோட்டத்துரைமார் தம் நிலத்தின் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிடும்படி தம்மை வற்புறுத்தியதை எதிர்த்து, 1917இல் அம்மாவட்ட உழவர் காந்தியாருடன் நின்றனர். அவ்வுழவரின் மண்ணிற் பிறந்தவர் ஒரு குடியேற்ற விற்பனையின் பெயரைச் சொல்லிப் பரிசு பெற்றார். ஆயினும் ‘யார்’ என்பதற்கே அரங்கில் விலை. ‘ஏன்’ என்பதற்கு அங்கே இடமில்லை.

பரிசுக்குப் பின் நிகழ்ந்ததும் நாம் அறியவேண்டியது. புகழ் வந்த அந்த ஆண்டுகளே தம் வாழ்வின் மிகக் கெட்ட காலம் என்றும், பலரிடம் ஏமாந்ததாகவும் 2020இல் அவரே எழுதினார். பின்னர் ஊரூராகச் செண்பக மரம் நடுவதில் ஈடுபட்டார். 2023இல் பீகாரின் ஆசிரியர் தேர்விலும் தேறினார். ஐந்து கோடி தராத நிறைவை மரக்கன்றிலும் வகுப்பறையிலும் அவர் தேடினார் என்றே நாம் கொள்கிறோம்.

அவரது துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வறியவர் தம் அறிவுக்குரிய மதிப்பைப் பெறச் சூதாட்ட நாற்காலியில் ஏறவேண்டியிருக்கும் சமூக அமைப்பையே கேள்விக்குள்ளாக்குகிறோம். அவர் ஒருவர் வென்றார். அந்த நாற்காலியை எட்டாத எத்தனையோ ஆயிரம் பேரின் அறிவு விலைபோகாமற் கிடக்கிறது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஊர் நிலையத்துப் போட்டியில் ‘டென்மார்க்’ என்று சொல்லும் பிள்ளைக்குக் கொப்பியைக் கொடுத்து அனுப்பிவிடாமல், “தீவை விற்றபோது தீவு மக்கள் எங்கே இருந்தார்கள்?” என்று அடுத்த கேள்வியையும் கேட்போம். அக்கேள்விக்கு நான்கு விடைகளைத் தந்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்ல இயலாது. வரலாற்றுக் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.