சொல்லும் ஒரு மருந்து

1846ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. ஈதர் ஆவியை முகரச் செய்து, பலர் முன்னிலையில் ஒருவருக்குக் கழுத்தில் அறுவை செய்தார்கள். கத்தியின் வலியை வெல்லும் வழி பிறந்தது. ஆனால், மயக்கம் தெளிந்தபின் வரும் வலி?

நீங்களே எண்ணிப் பாருங்கள். கண் விழிக்கிறீர்கள், வயிறு வலிக்கிறது. ‘ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதோ?’ என்று மனம் பதைக்கிறது. அச்சத்தால் தசைகள் இறுகுகின்றன. வலி மேலும் கூடுகிறது.

அதே மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் எக்பெர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் இதை ஆராய்ந்து 1964இல் முடிவை வெளியிட்டனர். வயிற்றில் அறுவை செய்துகொள்ள வந்த 97 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம் மட்டும், எங்கே வலிக்கும், எத்தனை நாள் வலிக்கும், தசைகளை எவ்வாறு தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்பனவற்றை முன்னாளிலேயே விளக்கினர். பின்னரும் வந்து ஊக்கமளித்தனர். யார் எந்தப் பிரிவினர் என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது.

விளைவு என்ன தெரியுமா? விளக்கம் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட மார்பின் போன்ற மருந்துகளின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினர்.

வலி வெறும் மனப்பிரமை என்பதன்று இதன் பொருள். புண் உடலில்தான், ஆனால் அதைத் தாங்குவது மனமும் சேர்ந்தே. ‘ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்’ என்று தோளைத் தட்டிச் செல்வது எளிது. இவர்களோ வலிக்கும் என்ற உண்மையையும், அதை எதிர்கொள்ளும் வழியையும் சேர்த்தே சொன்னார்கள். உங்கள் வீட்டில் எவருக்கேனும் அறுவை சிகிச்சை என்றால், ‘பிறகு எப்படியிருக்கும்?’ என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அந்த விடையும் சிகிச்சையில் ஒரு பகுதியே.