நிலக்கரிச் சுரங்க நிலமீட்பு ஆய்வு (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் நிலக்கரி வெட்டப்பட்ட நிலம் சட்டப்படி சீரமைக்கப்படுகிறதா என்று அரசு ஆய்வாளர்கள் நேரில் சென்று சோதிப்பது நிலமீட்பு ஆய்வு ஆகும். 1977 ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு மற்றும் நிலமீட்புச் சட்டம் இதற்கு அடிப்படை. சுரங்கம் இயங்கும்போது தொடங்கும் இவ்வாய்வு, நிலக்கரி எடுப்பது நின்ற பிறகும் பல ஆண்டுகள் தொடர்கிறது.

பின்னணி

திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணையும் பாறையையும் அகற்றிவிட்டு நிலக்கரியை வெட்டி எடுப்பர். முற்காலத்தில் நிலக்கரி தீர்ந்ததும் நிறுவனங்கள் குழியை அப்படியே விட்டுச் சென்றன. வெளியே கொட்டப்பட்ட பாறையில் உள்ள பைரைட்டு என்னும் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கியது. அந்த நீர் கலந்த ஓடைகளில் மீன்கள் மடிந்தன; இரும்புப் படிவால் ஓடைப் படுகைகள் செம்மஞ்சள் நிறமாயின.

இதைக் கட்டுப்படுத்த மேற்கு வர்ஜீனியா மாநிலம் 1939 இல் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் கடுமையான விதியுள்ள மாநிலத்தின் நிலக்கரி, தளர்வான விதியுள்ள மாநிலத்தின் மலிவான நிலக்கரியோடு போட்டியிட வேண்டியிருந்தது. எனவே விதிகளை இறுக்க மாநிலங்கள் தயங்கின.

பஃபலோ கிரீக் பேரழிவு

1972 பெப்ரவரி 26 காலையில் மேற்கு வர்ஜீனியாவின் லோகன் மாவட்டத்தில், நிலக்கரிக் கழிவால் கட்டப்பட்ட அணை ஒன்று உடைந்தது. ஏறத்தாழ 50 கோடி லிட்டர் கழிவுநீர் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. 125 பேர் இறந்தனர். 4,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். நான்கு நாட்களுக்கு முன்புதான் கூட்டாட்சி அரசின் ஆய்வாளர் ஒருவர் அந்த அணை திருப்திகரமாக இருப்பதாகக் கூறியிருந்தார். ஆய்வு நடந்தது என்பது மட்டுமே பாதுகாப்பாகாது என்பதை இந்நிகழ்வு காட்டியது. எதை, எத்தனை முறை, எந்த அதிகாரத்தோடு சோதிப்பது என்ற கேள்விகள் எழுந்தன.

சட்டத்தின் உருவாக்கம்

அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிய சட்டவரைவுகளைக் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு 1974 இலும் 1975 இலும் மறுத்தார். வேலையிழப்பும் நிலக்கரி உற்பத்திக் குறைவும் ஏற்படும் என்பது அவர் தரப்பு வாதம். 1975 சூனில் அவரது மறுப்பை மீறிச் சட்டமாக்கும் முயற்சி கீழவையில் 3 வாக்குகளில் தோற்றது. பின்னர் ஜிம்மி கார்ட்டர் 1977 ஆகத்து 3 அன்று சட்டத்தில் கையொப்பமிட்டார். இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது அன்று என 1981 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆய்வு நடைமுறை

ஒவ்வோர் உரிமத்துக்கும் சராசரியாக மாதம் ஒரு பகுதி ஆய்வும், காலாண்டுக்கு ஒரு முழு ஆய்வும் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆய்வு நாள் ஒழுங்கற்றதாக இருக்க வேண்டும்; நிறுவனத்துக்கு முன்னறிவிப்பு தரக்கூடாது. ஒவ்வோர் ஆய்வுக்கும் அறிக்கை எழுதப்பட வேண்டும். மாநில ஒழுங்குமுறை அலுவலர் எவருக்கும் நிலக்கரித் தொழிலில் பணத் தொடர்பு இருக்கக்கூடாது.

ஆய்வு பெரும்பாலும் எளிய செய்திகளைப் பற்றியது. நுழைவாயிலில் நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிம எண் கொண்ட பலகை உள்ளதா? மேல்மண் தனியாகக் குவிக்கப்பட்டுள்ளதா? செங்குத்தான வெட்டுமுகம் மூடப்பட்டு, நிலம் ஏறத்தாழப் பழைய சரிவுக்கு வந்துள்ளதா? வண்டல் குளத்தின் கரை உறுதியாக உள்ளதா? வெளியேறும் நீரின் காரகாடித்தன்மை 6 முதல் 9க்குள் உள்ளதா? விதைத்த புல்லும் மரமும் வேரூன்றியுள்ளனவா?

குறை கண்டால் ஆய்வாளர் விதிமீறல் அறிவிப்பு தருவார். மக்களுக்கு உடனடி ஆபத்து இருந்தால் அந்த இடத்திலேயே பணிநிறுத்த ஆணை பிறப்பிக்கலாம். ஒரு குடிமகன் தந்த தகவலால் கூட்டாட்சி ஆய்வு நடந்தால், அவர் ஆய்வாளருடன் சுரங்கத்துக்குள் செல்லவும் உரிமை உண்டு.

பிணைத்தொகை

சுரங்கம் தோண்டும் முன்பே நிறுவனம் பிணைத்தொகை கட்ட வேண்டும். குழியை நிரப்பிச் சரிவையும் வடிகாலையும் சீர்செய்தால் 60 விழுக்காடு வரை விடுவிக்கப்படும். செடிகொடிகள் நிலைபெற்ற பின் அடுத்த பகுதி கிடைக்கும். எல்லாக் கடமைகளும் முடிந்த பிறகே மீதித் தொகை கிடைக்கும். கடைசி விதைப்புக்குப் பின் 5 ஆண்டுகளும், ஆண்டு மழை 26 அங்குலம் அல்லது அதற்குக் குறைவாக உள்ள பகுதிகளில் 10 ஆண்டுகளும் நிறுவனத்தின் பொறுப்பு நீடிக்கும். அதுவரை, இயந்திரமோ தொழிலாளரோ இல்லாத புல்வெளிக்கும் ஆய்வாளர் காலாண்டுதோறும் வந்துகொண்டிருப்பார். முதலாண்டில் பசுமையாகத் தெரியும் சரிவு மூன்றாம் ஆண்டு மழையில் அரித்துப் போகலாம் என்பதால் இந்த நீண்ட காத்திருப்பு தேவைப்படுகிறது.

குறைபாடுகள்

சில மாநிலங்களில் பெரிய நிறுவனங்கள் ஈடு எதுவும் வைக்காமல், தம் நிதிநிலையையே பிணையாகக் காட்ட அனுமதிக்கப்பட்டன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் ஆல்ஃபா, ஆர்ச், பீபாடி ஆகிய நிறுவனங்கள் அடுத்தடுத்துத் திவால் பாதுகாப்பு கோரியபோது இவ்வழக்கம் கடும் கேள்விக்குள்ளானது. ஆய்வாளர் குறையைச் சரியாகக் கண்டு எழுதினாலும், அதைச் சரிசெய்யப் பணம் இல்லையென்றால் அச்செலவு மக்களின் வரிப்பணத்தின் மீதோ, பாழடைந்த நிலத்தின் அருகே வாழ்வோர் மீதோ விழும். எனவே நேரடி ஆய்வும் உண்மையான பிணைத்தொகையும் சேர்ந்திருந்தால்தான் இச்சட்டம் பயன்தரும்.