முன்சக்கரம் ஏறினால் பின்சக்கரத்துக்கு என்ன?

பழவேற்காடு ஏரிக்கரைச் சுண்ணாம்புக்குளத்தில் படகு ஏறத் தெரியாதவன் அணியத்தில் (முன்பக்கம்தான்) பொத்துனு கால் வைப்பான். அமரம் மேலே எழும்பும். நானும் அப்படி ஏறித் திட்டு வாங்கியவன். ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடம் எவ்வளவு அசையும்? இதை எண்ணாக எழுதும் வழி, வண்டிக்காரர்களிடமிருந்து வரவில்லை. தந்திக் கம்பியிலிருந்து வந்தது.

1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் போட்டார்கள். அந்தக் காலத்து நீண்ட கேபிள்களில் எல்லாம் ஒரே தொல்லை: சிக்னல் இழுபட்டு மங்கிப்போகும். தந்தி ஆபரேட்டராக இருந்த ஆலிவர் ஹெவிசைடு இதில் மண்டையை உடைத்துக்கொண்டவர். 1886இல் 'இம்பீடன்ஸ்' என்ற சொல்லைத் தந்தவரும் அவரே.

மின்சாரத்துக்குச் சொன்னது திரவத்துக்கும் பொருந்தும். மின்னழுத்தத்தின் இடத்தில் எண்ணெய் அழுத்தம், மின்னோட்டத்தின் இடத்தில் எண்ணெய் ஓட்டம். குறுகிய வால்வு ரெசிஸ்டர் மாதிரி. அடைத்து வைத்த வாயு கெப்பாசிட்டர் மாதிரி. நீளக் குழாயில் ஓடும் எண்ணெயின் நிறை காயில் மாதிரி. நாலு சக்கரம் என்றால் ஒரு எண் போதாது, 4×4 அணி வேண்டும். மூலைவிட்டத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனக்குத் தானே காட்டும் எதிர்ப்பு. மற்ற கட்டங்களில், ஒரு சக்கரத்தின் அசைவுக்கு இன்னொரு சக்கரத்தில் எழும் விசை. என்னைக் கேட்டால் சுவாரசியமே அந்த மற்ற கட்டங்களில்தான்.

1962இல் வந்த மோரிஸ் 1100 காரில் அலெக்ஸ் மோல்டன் அவற்றை வெறும் குழாயால் நிரப்பினார். முன்சக்கரம் மேட்டில் ஏறினால், தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவம் குழாய் வழியே பின்னால் போய் வண்டியின் பின்பக்கத்தையும் தூக்கும். வண்டி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் திரவம் போக இடமில்லை. ரப்பர் ஸ்பிரிங் இறுகும்.

நம் பக்கத்துக் கதை ஆவடியில். 1974இல் அனுமதி பெற்று, 2004இல் முதல் தொகுதி ராணுவத்துக்குப் போன அர்ஜுன் டாங்கியில் பக்கத்துக்கு ஏழு சக்கரம். ஒவ்வொன்றுக்கும் எண்ணெயும் நைட்ரஜனும் அடைத்த தனி யூனிட். 14×14, மொத்தம் 196 கட்டம். குழாய் இணைப்பு இல்லாததால் சஸ்பென்ஷனின் சொந்த அணியில் மூலைவிட்டம் தவிர எல்லாம் பூஜ்யம். ஆனால் அறுபது டன்னை நெருங்கும் அந்த உடலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், படகு மாதிரிதான், பூஜ்யங்கள் நிரம்பிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. இம்பீடன்ஸ் கணக்கு சின்ன அசைவுக்குத்தான் சரி. பெரிய பள்ளத்தில் நைட்ரஜன் சுருங்கச் சுருங்க இறுகும், அணியின் எண்களே மாறும். டாங்கிக்கோ பள்ளம்தான் பாதை! அதனால் வால்வைத் திருத்தி எதிர்ப்பைக் கட்டுப்படுத்த நினைப்பவர், எந்த அசைவுக்குப் போட்ட அணி என்று முதலில் கேட்டாக வேண்டும்.

சுண்ணாம்புக்குளத்து ஷேர் ஆட்டோவில் இந்த வால்வு, குழாய் எதுவும் கிடையாது. ஆனால் டிரைவருக்குத் தெரியும்: "நடுவுல உக்காருங்கண்ணா, அங்கதான் தூக்காது."