ஒரு மாலை, மூன்று நாடகங்கள்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நாடகக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய நாடகத்திற்கு முன்னால் சிறு நாடகம் ஒன்றை நடத்துவர். விருந்துண்டு தாமதமாக வரும் செல்வர்கள் தத்தம் இருக்கையில் வந்தமரும் வரையில், மலிவான இடங்களில் முன்னரே காத்திருக்கும் எளியோரின் பொழுதைப் போக்குவதே அதன் பணி. அதற்குத் 'திரை தூக்கி' என்றே பெயர் வழங்கிற்று. இவ்வாறு ஒதுக்கப்பட்ட சிறு நாடகமே ஒரு மாலைப் பொழுதுக்கு உயிராகவும் விளங்கக்கூடும் என்பதை மெய்ப்பித்த நகரங்களுள் ஒன்று அயர்லாந்தின் டப்ளின்.

1904ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் அந்நகரில் அபே நாடக அரங்கு திறக்கப்பெற்றது. ஒரு பழைய மண்டபத்தையும் அதனை அடுத்திருந்த பிணக்கிடங்கையும் இணைத்துப் புதுப்பித்த கட்டடம் அது. செலவை ஏற்றவர் ஹார்னிமன் என்னும் ஆங்கிலப் பெண்மணியார். தேயிலை வணிகத்தில் செழித்த குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் நாளன்று நடந்தவை மூன்று ஓரங்க நாடகங்கள்.

ஒன்று கவிஞர் யேட்ஸ் இயற்றிய துன்பியல். குஹூலின் என்னும் பழங்கதை வீரன், யாரென்று அறியாமல் தன் மகனையே வாளுக்கு இரையாக்குகிறான்; உண்மை தெரிந்ததும் சித்தம் கலங்கிக் கடலலைகளோடு போரிடுகிறான். மற்றொன்று கிரெகரி சீமாட்டி எழுதிய 'செய்தி பரவுகிறது' என்னும் நகைச்சுவை. ஒருவன் மறந்து விட்டுச் சென்ற வைக்கோல் வாரும் கவைக்கோலைக் கொடுப்பதற்காக இன்னொருவன் அவன் பின்னே ஓடுகிறான். சந்தையில் வாய்க்கு வாய் செய்தி வளர்ந்து, ஓடியவன் கொலைகாரன் என்று முடிகிறது. 'இறந்தவன்' உயிரோடு வந்து நின்றும் பயனில்லை. அவனையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறார்கள்.

இவற்றில் நடித்தவர்களைக் காண்க. மகனைக் கொன்று அலறிய குஹூலினாக நின்ற பிராங்க் பே என்பவரே, அதே மாலையில் அந்தச் சந்தைக்கு வந்து அசட்டு விசாரணை நடத்தும் நீதிபதியாகவும் தோன்றினார். அவருடைய தம்பி வில்லியம் பே, துன்பியலில் முட்டாளாகவும் நகைச்சுவையில் கவைக்கோலோடு ஓடி அகப்பட்டுக்கொள்ளும் அப்பாவியாகவும் நடித்தார். முழுநீள நாடகத்தில் ஒரு நடிகரை ஒரு வேடத்தில்தான் அறிகிறோம். குறுநாடக மாலையிலோ, அந்த முகமா இந்த முகம் என்று வியக்கும் இன்பம் கிடைக்கிறது. அவையினரின் பாதி மகிழ்ச்சி அதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். இவ்விருவரும் தொடக்கத்தில் நாடகத்தால் பிழைத்தவரல்லர். தமையனார் அலுவலகத்தில் எழுத்தர், தம்பி மின்தொழிலாளி. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடிய கூட்டம் அது. கோப்புகளை மூடி வைத்துவிட்டு வசனம் மனப்பாடம் செய்யும் நம் காலனி நண்பர்களுக்கு இவர்கள் அயலார் ஆகார்.

கிரெகரி சீமாட்டியார் நகைச்சுவை எழுதத் துணிந்ததற்குக் காரணமும் இம்முறையே. செய்யுள் நாடகம் கேட்போரின் கவனத்தை இறுக்கிப் பிடிப்பது. அதற்கு அருகே ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. ஒன்றின் சுவையை மற்றொன்று கூட்டித் தரும். தனியே கண்டால் இரண்டும் சற்றுக் குறைவுபடும். இதனை நம் விழாக் குழுவினர் எண்ணிப் பார்க்கலாம். பரிசளிப்புக்கும் நன்றியுரைக்கும் இடையே குறுநாடகத்தைச் செருகுவதும், இரண்டு நகைச்சுவைகளை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் பின்னதற்குக் கைதட்டல் குறைந்ததென்று நடிகர்களைக் கடிந்துகொள்வதும் யாம் கண்ட காட்சிகளே.

1913ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் இவ்வரங்கில் நம் நாட்டு நாடகம் ஒன்றும் நடந்தது. தாகூரின் 'அஞ்சல் நிலையம்' அது. அவருக்கு நோபல் பரிசு கிட்டுவதற்குச் சில திங்கள் முன்னர். உடன் நடந்தது, பாட்ரிக் பியர்ஸ் என்னும் பள்ளி ஆசிரியர் ஐரிஷ் மொழியில் எழுதி, அவருடைய மாணவர்களே நடித்த 'அரசன்'. நோயுற்ற சிறுவன் அமல் அரசரின் கடிதத்திற்காகக் காத்திருந்து கண்ணயர்கிறான். பியர்ஸின் சிறுவனோ, பாவம் செய்த அரசனுக்கு மாற்றாக முடி சூடிப் போரில் வென்று மாய்கிறான். வங்காளத்துப் பிள்ளையையும் அயர்லாந்துப் பிள்ளையையும் ஒரே மாலையில் அருகருகே கண்ட அவையினரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்!

திறப்பு நாளின் மூன்றாவது நாடகத்தைச் சொல்லாமல் விட்டேன். அது 'கேத்லீன் நி ஹூலிஹன்'. திருமணத்திற்கு ஆயத்தமாகும் ஓர் இல்லத்திற்கு முதியவள் ஒருத்தி வருகிறாள். தன் நிலத்தை அயலார் கவர்ந்துகொண்டனர் என்கிறாள். அவளே அயர்லாந்து. மணமகன் மணப்பெண்ணை விட்டு அவள் பின்னே போய்விடுகிறான். முதன்முதலாக 1902இல் மேடையேறிய இச்சிறு நாடகம் பலருடைய நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் அபே அரங்கு இதனையே மீண்டும் நடத்துவதாக இருந்தது. திங்கட்கிழமை, ஏப்ரல் 24ஆம் நாள், டப்ளின் தெருக்களில் துப்பாக்கிகள் முழங்கின, நாடகம் நடைபெறவில்லை. இவ்வரங்கில் நடித்துவந்த ஷான் கானலி அன்றே நகர மண்டபத்தில் குண்டுபட்டு மாண்டார். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பியர்ஸ் மே 3ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் நாடகம் அவர்களுள் சிலரை அனுப்பிவைத்ததோ என்று யேட்ஸ் தம் முதுமையிலும் கவிதையொன்றில் தம்மைத் தாமே வினவிக்கொண்டார்.